லத்தியைச் சுழற்ற இடமில்லாத இடத்தில்... ஒலிம்பிக் பதக்கம் வென்ற போலீஸ்காரர் கே.டி.ஜாதவின் கதை!

ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி போயிருக்கிறீர்களா? அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேர்கிற இடத்தில் மாரியம்மன் கோயில். சாத்தூர் பக்கமிருந்து நடந்தே வருகிறவர்கள், அக்கினிச்சட்டி ஏந்தி வருகிறவர்கள், கைக்குழந்தைக்கு முடியிறக்க வந்தவர்கள் என ஆற்று மணல் தெரியாத அளவுக்குக் கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு நடுவே போதையில் ஒரு ஆள் தகராறு செய்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புக்கு வந்த போலீஸ்காரர் கையில் லத்தி இருக்கிறது. ஆனால், சுழற்ற இடம் இல்லை. ஓங்கினால் பின்னால் நிற்கிற பாட்டி மேல்தான் விழும். பக்கத்திலேயே ஒருவர் நெருப்புச்சட்டியோடு நிற்கிறார். அந்த இடத்தில் அவரால் என்ன செய்ய முடியும்?

ஒன்றுதான் முடியும். பிடிக்கணும். கையைப் பிடித்து, நிலை தடுமாறவைத்து, அவனுக்கும் அடிபடாமல், தனக்கும் அடிபடாமல், அடுத்தவருக்கும் அடிபடாமல் ஒதுக்குப்புறமாகக் கொண்டு போகணும். அடிக்கிறதைவிட இது கஷ்டம். இதைத்தான் சண்டைப் பயிற்சி தருகிறவர்கள் 'கிராப்ளிங்' என்கிறார்கள். நமக்கு அது பிடி, மல்லு, குஸ்தி.

இந்தப் பிடியை மட்டுமே நம்பி ஒருவர் ஒலிம்பிக் வரை போனார். சுதந்திர இந்தியாவுக்கு முதல் தனிநபர் பதக்கத்தைக் கொண்டு வந்தார். பிறகு காக்கிச்சட்டை போட்டு, போலீஸ்காரர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். அவர் பெயர் கஷாபா தாதாசாகேப் ஜாதவ். சுருக்கமாக, கே.டி.ஜாதவ். பொது அறிவுப் புத்தகத்தில் ஒரே ஒரு மதிப்பெண் கேள்வியாக இந்தப் பெயரை நீங்கள் படித்திருப்பீர்கள். அந்த ஒரு மதிப்பெண்ணுக்குப் பின்னால் இருக்கிற வாழ்க்கையைக் கொஞ்சம் பார்ப்போம்.

அஞ்சு வயசுல மண்ணுல இறங்கின பையன்

மகாராஷ்டிரத்தின் சதாரா மாவட்டத்தில், கராட் ஊருக்குப் பக்கத்தில் கோலேஷ்வர் என்று ஒரு கிராமம். அங்கே 1926 ஜனவரி 15-ம் தேதி பிறந்தார் ஜாதவ். அப்பா தாதாசாகேப் ஒரு பயில்வான். அஞ்சு பிள்ளைகளில் கடைக்குட்டியான இவரை, அஞ்சு வயதிலேயே குஸ்தி மண்ணில் இறக்கிவிட்டார்.

அந்தப் பகுதியில் குஸ்தி என்பது வெறும் விளையாட்டு இல்லை. நம்ம ஊரில் ஜல்லிக்கட்டுக்கும் கபடிக்கும் இருக்கிற மவுசு அங்கே குஸ்திக்கு. கோல்ஹாப்பூர் மன்னர் சாஹு மகாராஜா பயில்வான்களுக்குச் சோறு போட்டு வளர்த்தவர். 1912-ல் அவர் உருவாக்கிய காஸ்பாக் மைதானம் இன்றைக்கும் குஸ்திக்காரர்களுக்குக் கோயில் மாதிரி. அந்தக் காற்றைச் சுவாசித்து வளர்ந்தவர் ஜாதவ்.

ஆனால், பயில்வான் என்றதும் நம் மனதில் வருகிற உருவம் அவருக்கு இல்லை. உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். ஒலிம்பிக்கில் அவர் இறங்கியதே 52 கிலோ, 57 கிலோ எடைப் பிரிவுகளில்தான். தெருவில் பார்த்தால் பயில்வான் என்றே சொல்ல மாட்டோம். அப்படிப்பட்டவர் தன்னைவிடப் பெரிய ஆட்களை எப்படிச் சாய்த்தார்? அதற்குக் குஸ்தி மண்ணில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளணும்.

கட்டிப்பிடித்தால் ஏன் குத்து விழுவதில்லை?

ஒருவன் உங்களை ஓங்கி அடிக்க அவனுக்கு ஒரு கை தூரம் வேண்டும். தோளிலிருந்து கை கிளம்பி, வேகம் எடுத்து, உங்கள் முகத்துக்கு வர இடம் வேண்டும். நீங்கள் பின்னால் நன்றாகத் தள்ளிப்போய்விட்டால் அடி படாது. அதேபோல, உடம்போடு உடம்பு ஒட்டுகிற அளவுக்கு நெருங்கிவிட்டாலும் அந்த அடிக்கு வேகம் கிடைக்காது. நடுவில் நிற்கிறவனுக்குத்தான் முழு அடி. அதனால்தான் குத்துச்சண்டையில் அடி தாங்காத வீரர் எதிராளியைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார். நடுவர் வந்து பிரித்துவிட வேண்டியிருக்கிறது. தெருச்சண்டையில் பிரித்துவிட நடுவர் கிடையாது. அதனால் நாலு அடிக்குள் சட்டையைப் பிடிக்கிறது, இடுப்பைக் கட்டுகிறது, கீழே உருள்கிறது என்று ஆகிவிடுகிறது. பள்ளிக்கூட மைதானத்தில் நீங்கள் பார்த்த சண்டைகளை நினைத்துப் பாருங்கள். சினிமாவில் வருகிற மாதிரி ஆளுக்கொரு குத்து என்று எத்தனை சண்டை நடந்தது?

குஸ்தியில் குத்தும் கிடையாது, உதையும் கிடையாது. எதிராளியின் இரண்டு தோள்களும் மண்ணில் படணும். அவ்வளவுதான் வெற்றி. இதற்கு முதலில் அவன் நிலையைக் கெடுக்கணும். ஒருவனின் இடுப்பு எங்கே போகிறதோ, உடம்பு அங்கே போகும். தலை எந்தப் பக்கம் திரும்புகிறதோ, அந்தப் பக்கம் நிலை சாயும். 80 கிலோ ஆளாக இருந்தாலும் இரண்டு காலும் சேர்ந்து நிற்கிற நேரத்தில் ஒரு பக்கம் இழுத்தால் ஆடித்தான் போவான். சின்ன உடம்புக்காரருக்கு இந்தக் கணக்குதான் துணை.

ஜாதவுக்குக் கைவந்த வித்தை 'டாக்' என்கிற பிடி. எதிராளியின் தலையையும் கழுத்தையும் ஒரு கையால் வளைத்து, தன் இடுப்பை அவன் இடுப்புக்குக் கீழே கொடுத்து, அப்படியே சுழற்றி மண்ணில் போடுவது. எதிராளி தன் மேல் பாய்ந்து வருகிற வேகத்தையே எடுத்து அவனைக் கீழே போடுகிற வித்தை அது.

இது வடக்கத்தியர் சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். போரவைக்கோ பெருநற்கிள்ளி என்கிற சோழன் ஆமூர் மல்லனோடு மற்போர் செய்து வென்றதைச் சாத்தந்தையார் என்ற புலவர் பாடியிருக்கிறார். புறநானூற்றில் இருக்கிறது. முதலாம் நரசிம்மவர்ம பல்லவனுக்கு 'மாமல்லன்' என்ற பட்டம் இருந்ததால்தான் மாமல்லபுரத்துக்கு அந்தப் பெயர். நம்ம கபடியும் ஒரு விதத்தில் பிடிச்சண்டைதானே! மூச்சு விடாமல் பாடிக்கொண்டு வருகிறவனின் கணுக்காலையோ தொடையையோ பிடித்து, கோட்டைத் தொடவிடாமல் நிறுத்துகிற கலை.

லண்டன் மெத்தையில் ஒரு மண்ணின் மைந்தர்

1942-ல் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் நடந்தபோது ஜாதவுக்கு வயது 16. தலைமறைவாக இருந்த போராட்டக்காரர்களுக்கு இடம் கொடுப்பது, ரகசியக் கடிதங்களைக் கொண்டு சேர்ப்பது என்று தன்னால் ஆனதைச் செய்தார். பள்ளிப் படிப்பு முடிந்து கோல்ஹாப்பூர் ராஜாராம் கல்லூரியில் சேர்ந்தபோது குஸ்தியும் கூடவே வளர்ந்தது.

1948-ல் லண்டன் ஒலிம்பிக். கோல்ஹாப்பூர் மகாராஜா செலவை ஏற்றுக்கொள்ள, 22 வயதில் கப்பலேறினார். அங்கே போனால் ஒரு சிக்கல் காத்திருந்தது. மண் இல்லை, மெத்தை!

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்கிறீர்களா? குஸ்தி மண்ணை எண்ணெய், மஞ்சள், மோர் என்று கலந்து பதப்படுத்துவார்கள். கால் அதில் புதையும். நகர்வு மெதுவாக இருக்கும். பிடி கிடைத்தால் வலு காட்டலாம். மெத்தையில் கால் புதையாது, ஆள் சட்டென்று நழுவிவிடுவான். எல்லாமே வேகம். போதாக்குறைக்குப் புள்ளிக் கணக்கு வேறு. மணலில் கபடி ஆடிய பையன் முதன்முதலாகச் செயற்கைத் தரையில் இறங்கினால் எப்படி இருக்கும், அப்படித்தான்.

ரீஸ் கார்ட்னர் என்ற அமெரிக்க மல்யுத்த வீரர் அங்கே அவருக்குப் பயிற்சி கொடுத்தார். முன்பின் பழகாத மெத்தை, தெரியாத விதிமுறை... இருந்தும் 52 கிலோ பிரிவில் ஆறாவது இடம் பிடித்தார் ஜாதவ். ஊருக்குத் திரும்பியவர் அடுத்த நாலு வருடமும் பயிற்சியைக் கூட்டினார். இந்த முறை 57 கிலோ பிரிவு.

வீட்டை அடகு வைத்த பிரின்சிபால்

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்கு முந்தைய தேசியப் போட்டி நம்ம மெட்ராஸில் நடந்தது. அதில் ஒரே ஒரு புள்ளியில் வாய்ப்பு கைநழுவிப் போனது. தனக்கு வேண்டுமென்றே புள்ளி குறைக்கப்பட்டது என்று ஜாதவ் குற்றம் சாட்டினார். சோர்ந்து உட்காராமல் பாட்டியாலா மகாராஜாவிடம் முறையிட்டார். மறுபடி ஒரு போட்டி வைக்கப்பட்டது. இந்த முறை எதிராளியைச் சாய்த்துவிட்டு அணிக்குள் வந்தார்.

இடம் கிடைத்துவிட்டது. பணம்? இன்றைக்கு மாதிரி அரசாங்கம் டிக்கெட் போட்டு அனுப்புகிற காலம் இல்லை. கோலேஷ்வர் கிராமத்து மக்கள் வீடு வீடாக வசூல் செய்தார்கள். அதுவும் போதவில்லை. அப்போதுதான் ராஜாராம் கல்லூரியில் அவருக்கு முதல்வராக இருந்த கர்டேகர் ஒரு காரியம் செய்தார். தன் வீட்டை அடமானம் வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். 1952-ல் 7,000 ரூபாய்! தன்னிடம் படித்த ஒரு பையனின் பிடியை நம்பி, ஒரு ஆசிரியர் தன் வீட்டையே பணயம் வைத்தார் என்றால், அந்தப் பையன் எப்படிப்பட்டவனாக இருந்திருப்பான் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஜூடோக்காரரோடு மோதிய குஸ்திக்காரர்

ஹெல்சிங்கியில் கனடா வீரர், மெக்சிகோ வீரர், ஜெர்மனி வீரர் என்று மூன்று பேரை வரிசையாக வென்றார் ஜாதவ். அடுத்து எதிரே வந்தவர் ஜப்பானின் ஷோஹாச்சி இஷி.

இந்த இஷியின் கதை தனி. அவர் அடிப்படையில் ஜூடோக்காரர். ஜிகோரோ கானோ என்பவர் 1882-ல் டோக்கியோவில் தொடங்கிய கலை ஜூடோ. பழைய போர்க்கலைகளில் எலும்பை முறிக்கிற, உயிரை எடுக்கிற வித்தைகளை ஒதுக்கிவைத்துவிட்டு, இரண்டு பேர் முழு பலத்தோடு மோதினாலும் மறுநாள் இரண்டு பேரும் பயிற்சிக்கு வர முடிகிற மாதிரி கானோ அதை அமைத்தார். இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் தோற்ற பிறகு, அமெரிக்க நிர்வாகம் பள்ளிகளில் ஜூடோவுக்குத் தடை போட்டது. ஜூடோ ஆட முடியாத இஷி மல்யுத்தத்துக்கு மாறினார்.

ஆக, ஹெல்சிங்கி மெத்தையில் நின்றது இரண்டு வீரர்கள் மட்டும் இல்லை. ஒரு பக்கம் கோல்ஹாப்பூர் மண்ணில் வளர்ந்த பிடி, இன்னொரு பக்கம் டோக்கியோவில் வளர்ந்த பிடி. இரண்டுமே ஒரே அடிப்படையில் நிற்பவை. வித்தையைக் காற்றில் செய்து பார்க்காமல், முழு பலத்தோடு எதிர்க்கிற ஆள் மீது தினமும் செய்து பார்ப்பது. கால் மணி நேரத்தைத் தாண்டிய அந்த மோதலில் ஜாதவ் தோற்றார். இஷி அந்த ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். ஜப்பானுக்கு மல்யுத்தத்தில் அதுதான் முதல் தங்கம்.

தோற்றதுகூடப் பரவாயில்லை, அடுத்து நடந்ததுதான் வயிற்றெரிச்சல். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஜாதவை உடனே அடுத்த போட்டிக்குக் கூப்பிட்டார்கள். எதிரே சோவியத் யூனியனின் ரஷீத் மம்மத்பெயோவ். இரண்டு போட்டிகளுக்கு நடுவே அரை மணி நேரமாவது ஓய்வு தரணும் என்பது விதி. அதை எடுத்துச் சொல்லி வாதாட இந்திய அதிகாரி ஒருவர்கூட அந்த இடத்தில் இல்லை. களைத்த உடம்போடு இறங்கி, தோற்றார். 1952 ஜூலை 23-ம் தேதி, ஜாதவ் கழுத்தில் வெண்கலம். இந்திய ஹாக்கி அணி தங்கம் வென்ற அதே ஒலிம்பிக்கில், நாட்டுக்குக் கிடைத்த இன்னொரு பதக்கம் இது மட்டும்தான்.

இதன் மதிப்பு புரிய ஒரு கணக்கு. அடுத்த தனிநபர் பதக்கம் இந்தியாவுக்கு எப்போது கிடைத்தது தெரியுமா? 1996-ல் அட்லாண்டாவில், டென்னிஸ் வீரர் லியாண்டர் பயஸ் மூலமாக. நடுவில் 44 வருடங்கள். மல்யுத்தத்தில் அடுத்த பதக்கத்துக்கு 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஊர் திரும்பியவரை நூறுக்கும் மேற்பட்ட மாட்டு வண்டிகள் ஊர்வலமாக அழைத்துப் போயின. மேளம், வெடி, மாலை எல்லாம் முடிந்ததும் ஜாதவ் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? குஸ்திப் போட்டிகளில் இறங்கினார். அதில் வந்த பணத்தைக் கொண்டுபோய் கர்டேகரிடம் கொடுத்து, அவர் வீட்டை மீட்டுக் கொடுத்தார். பதக்கம் கிடைத்ததைவிட இந்த இடம்தான் எனக்குப் பெரிசாகத் தெரிகிறது.

காக்கிச்சட்டைக்குள் ஒரு பயில்வான்

1955-ல் பம்பாய் போலீஸில் சப் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தார் ஜாதவ். போலீஸ் துறைக்குள் நடந்த போட்டிகளில் ஜெயித்தார். விளையாட்டுப் பயிற்றுநராகவும் வேலை பார்த்தார். 27 வருட சர்வீஸ். உதவி கமிஷனராக ஓய்வு பெற்றார்.

ஒரு மல்யுத்தக்காரர் போலீஸ் வேலைக்கு என்ன கொண்டு வருகிறார்? இன்றைக்கு உலகம் முழுக்க போலீஸுக்கும் ராணுவத்துக்கும் கொடுக்கிற நெருக்கச் சண்டைப் பயிற்சியில் மல்யுத்தமும் ஜூடோவும் ஏன் இருக்கின்றன? மூன்று காரணங்கள் சொல்லலாம்.

முதலாவது, பழக்கம். தினமும் ஒருவர் உங்களைப் பிடித்து, அழுத்தி, கீழே தள்ளிக்கொண்டே இருந்தால் நெருக்கத்தில் வருகிற பயம் போய்விடும். பயந்த ஆள்தான் அவசரப்பட்டு அடிப்பான். பதற்றம் இல்லாதவருக்கு யோசிக்க நேரம் கிடைக்கும்.

இரண்டாவது, அளவு. ஓங்கிய கையைப் பாதியில் நிறுத்த முடியாது. ஒரு குத்து விட்டால் விட்டதுதான். பிடி அப்படி இல்லை. கூட்டலாம், குறைக்கலாம், விட்டுவிடலாம். எதிராளி அடங்கினால் அந்த நொடியே தளர்த்திவிடலாம். கைது செய்யப்படுகிறவர் தப்பிப் போகாமல் இருக்க எவ்வளவு தேவையோ, அதைவிடக் கூடுதலாக அவரைக் கட்டுப்படுத்தக் கூடாது என்பதுதான் நம் சட்டமும் சொல்கிறது. அந்த அளவு தெரிகிற கை, பிடி பழகிய கை.

மூன்றாவது, வலி தெரிவது. பயிற்சியில் நீங்கள் ஒருவரைப் பிடிக்கிறதற்கு முன்னால், நூறு முறை உங்களை யாராவது பிடித்திருப்பார்கள். மூச்சு முட்டினால் எப்படி இருக்கும், தோள்பட்டை எந்த இடத்தில் வலிக்கும் என்று உங்கள் உடம்புக்கே தெரியும். ஜூடோவில் தாங்க முடியாதபோது தட்டிக் காட்டுவார்கள். தட்டினால் விட்டுவிடணும். அங்கே முதலில் கற்றுக்கொடுக்கிற ஒழுக்கம் அது.

அந்த ஒழுக்கம் இல்லாமல் பிடி மட்டும் தெரிந்தால் என்ன ஆகும்? 2020 மே 25-ம் தேதி அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் ஜார்ஜ் ஃபிளாய்டுக்கு நடந்ததுதான் ஆகும். கைவிலங்கு போட்டுத் தரையில் குப்புறக் கிடந்த மனிதரின் கழுத்தில், ஒரு போலீஸ்காரர் ஒன்பது நிமிடத்துக்கும் மேல் முழங்காலை வைத்து அழுத்தினார். ஃபிளாய்டு இறந்துபோனார். குப்புறக் கிடக்கிறவர் முதுகில் எடை ஏறினால் நெஞ்சு விரியாது, மூச்சு இறங்காது. அடங்கிய உடனே ஆளை ஒருக்களித்துத் திருப்பிவிடணும், உட்கார வைக்கணும். பிடிக்கக் கற்றுக்கொடுக்கிற இடத்தில் இதையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தே ஆகணும்.

சரி, இது உங்களுக்கு எதுக்கு?

நீங்கள் போலீஸ் இல்லை. ஆனாலும், சிவகாசி பட்டாசு ஆலையில் வேலை முடிந்து நிரம்பி வழிகிற பஸ்ஸில் ஊர் திரும்புகிற அக்காவுக்கும், தேரோட்டத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகிற அப்பாவுக்கும் ஆபத்து வந்தால் கைக்கெட்டும் தூரத்தில்தான் வரும். ஜாதவ் வாழ்ந்த கலையிலிருந்து அவர்கள் எடுத்துக்கொள்ள சில விஷயங்கள் இருக்கின்றன.

ஒருவன் உங்கள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான் என்றால், பின்னால் இழுக்காதீர்கள். அவன் பிடியில் நாலு விரல் ஒரு பக்கம், கட்டை விரல் மட்டும் ஒரு பக்கம். கட்டை விரலும் மற்ற விரல்களும் சந்திக்கிற இடம்தான் அந்தப் பிடியில் பலவீனமான வாசல். உங்கள் முழங்கையை மடக்கி, அந்த வாசல் பக்கமாகக் கையைத் திருப்பி வேகமாக உருவுங்கள். கையோடு சேர்த்து உடம்பையும் திருப்பினால் சுலபம். வீட்டில் இருக்கிற ஒருவரைப் பிடிக்கச் சொல்லி இன்றைக்கே செய்து பாருங்கள். முதலில் மெதுவாக, பிறகு அவரை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி.

விழக் கற்றுக்கொள்ளுங்கள். தாடையை நெஞ்சோடு சேர்த்து, தலையின் பின்பக்கம் தரையில் படாமல் விழுவதுதான் ஜூடோ வகுப்பில் முதல் பாடம். சண்டையே வராதவருக்கும் வயதான காலத்தில் இது உதவும்.

கையை விடுவித்துக்கொண்டதும் சத்தம் போட்டுக்கொண்டு ஓடுங்கள். நாலு பேர் சூழ்ந்தாலோ, கத்தி தெரிந்தாலோ கட்டிப்புரளவே கூடாது. ஒருவனைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடக்கிறவரை இன்னொருவன் உதைப்பான். பிடிச்சண்டை என்பது ஒருவனுக்கு ஒருவன் என்கிற இடத்தில்தான் முழுசாக எடுபடும்.

ஜாதவின் 'டாக்' பிடியை ரோட்டில் முயற்சி செய்துவிடாதீர்கள். அது பதப்படுத்திய மண்ணுக்கும் மெத்தைக்கும் உரியது. சிமென்ட் தரையில் ஒருவனைத் தலைகுப்புறப் போட்டால் உயிரே போய்விடலாம். தற்காப்பு உரிமையை பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் உங்களுக்குத் தருகின்றன. ஆனால், தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகக் கேடு செய்ய அவை அனுமதிப்பதில்லை.

இன்னொன்று, இரண்டு நாள் முகாமில் வித்தை வராது. எதிர்ப்புக் காட்டுகிற ஆளோடு வாரத்துக்கு இரண்டு நாளாவது பழகணும். ஜூடோ, மல்யுத்த வகுப்பு பக்கத்தில் இல்லையா? உங்கள் ஊரில் கபடி டீம் கண்டிப்பாக இருக்கும். மகனை மட்டுமில்லாமல் மகளையும் அனுப்புங்கள்.

தாமதமாக வந்த மரியாதை

ஜாதவின் கடைசிக் காலம் அவருடைய இளமைக்காலம் மாதிரி இல்லை. அத்தனை வருடம் காக்கிச்சட்டையில் இருந்தவர், ஓய்வூதியத்துக்காகவே போராட வேண்டியிருந்தது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஜோதி ஓட்டத்தில் அவரைப் பங்கேற்க வைத்தார்கள். அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. உயிரோடு இருந்தவரை அர்ஜுனா விருதும் வரவில்லை, பத்ம விருதும் வரவில்லை. 1984 ஆகஸ்ட் 14-ம் தேதி, சாலை விபத்தில் இறந்துபோனார். அப்போது வயது 58.

அவர் இறந்த பிறகுதான் 2000-ம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது அவர் பெயருக்கு வந்தது. 2010 காமன்வெல்த் போட்டிக்காக டெல்லியில் கட்டிய மல்யுத்த அரங்குக்கு அவர் பெயரை வைத்தார்கள். 2023-ல் அவருடைய பிறந்தநாளன்று கூகுளின் முகப்புப் பக்கத்தில் அவர் படம் வந்தபோது, யார் இவர் என்று நம்மில் பலர் தேடித்தான் தெரிந்துகொண்டோம்.

ஹெல்சிங்கியில் அவருக்கு வரவேண்டிய அந்த அரை மணி நேர ஓய்வு கிடைத்திருந்தால், வெண்கலத்துக்குப் பதில் வேறு நிறம்கூட வந்திருக்கலாம். அதைக் கேட்டு வாங்கித் தர ஒரு ஆள் பக்கத்தில் இருந்திருந்தால் போதும். உங்கள் ஊர் மைதானத்தில் சாயங்காலம் புழுதி பறக்க ஆடுகிற பிள்ளைகளை அடுத்த முறை கடந்து போகும்போது, அவர்களுக்கு பஸ் கட்டணமோ, ஷூவோ, போட்டிக்குக் கூட வர ஒரு பெரிய மனுஷரோ தேவையாக இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். எல்லாராலும் கர்டேகர் மாதிரி வீட்டை அடமானம் வைக்க முடியாது. ஒரு போட்டிக்குக் கூடப் போய் நிற்க முடியும்தானே?